மாமாவுக்கு சுகர்: பாதாம் மாவு குக்கீ மொறுமொறுன்னு வர என்ன பண்ணணும்? (குன்னூர் குளிர்ல)

பெட்டட்டி மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். குன்னூர் பக்கம் பெட்டட்டியில இருக்கோம். என் மாமனார் அருவங்காடு ஃபேக்டரியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ரொம்ப வருஷமா சுகர். காலையில கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, ராத்திரிக்கு மெட்ஃபார்மின் மட்டும். இந்தத் தடவை மூணு மாச சராசரி, அதான் ஹெச்பிஏ1சி, 8.1 வந்திருக்கு. டாக்டர் மாத்திரையைக் கூட்டல. "சாயங்காலம் டீயோட என்ன சாப்பிடுறீங்க?"ன்னு மட்டும் கேட்டார். மாமா ஜன்னலைப் பார்த்தார். அத்தைதான் போட்டு உடைச்சாங்க: வர்க்கி, அதான் நம்ம ஊட்டிப் பக்கத்து மைதா அடுக்கு பிஸ்கெட். அதுவும் டீயில முக்கி முக்கி, தட்டுல தூள் மட்டும் மிஞ்சற வரைக்கும்.

அதனால ஒரு பேக்கரியில சுகர்ஃப்ரீ பிஸ்கெட் வாங்கிக் கொடுத்தோம். "இதுல சர்க்கரையே இல்லையே"ன்னு மாமா அதையும் வர்க்கி கணக்குலயே சாப்பிட்டார். சாப்பிடறதுக்கு முன்னாடி மீட்டர்ல 148, ரெண்டு மணி நேரம் கழிச்சு 231. சர்க்கரை போடாத பிஸ்கெட் எப்படி இவ்வளவு ஏத்தும்?

இப்ப வீட்டுலயே ஓடிஜில (சின்ன கரண்ட் ஓவன்) பாதாம் மாவு குக்கீ போட்டுப் பார்க்கறேன். வாங்கின பாதாம் மாவு, வெண்ணெய், ஒரு முட்டை, அரை ஸ்பூன் பேக்கிங் பவுடர், இனிப்புக்கு சர்க்கரைக்குப் பதிலா போடற எரித்ரிட்டால். சூடா தொட்டா உதிருது. ஆறினதும் பரவாயில்ல, ஆனா மெத்துனு இருக்கு. அடுத்த நாள் இன்னும் நமத்துப் போகுது. வாயில போட்டா மின்ட் சாப்பிட்ட மாதிரி ஒரு ஜில்லுனு வேற. மாமா ஒரு கடி கடிச்சுட்டு, "இது பிஸ்கெட்டா, பல் டாக்டர் மருந்தா?"ன்னு கேட்டுட்டார்.

அவருக்கு வேண்டியது மொறுமொறுப்பு. வர்க்கி மாதிரியே பாதாம்ல பண்ண முடியுமா? எரித்ரிட்டாலுக்குப் பதிலா கருப்பட்டியோ, கோத்தகிரிப் பக்கம் கிடைக்கற மலைத்தேனோ போட்டா தப்பா? அத்தை அதைத்தான் சொல்றாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய ஓவன்காரர்:

அம்மணி, நான் ஊட்டியில விறகு ஓவன்ல நின்னு முடி நரைச்சவன். எனக்கும் சுகர்தான். வர்க்கி போட்டவனே வர்க்கியைத் தொடக்கூடாதுன்னு சொன்னா எப்படி இருக்கும்னு உங்க மாமாவைக் கேளுங்க, அவருக்குப் புரியும். ஒண்ணொண்ணா சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல வர்க்கி ஆசையை விட்டுருங்க. அவரு அந்த ஆசையை விடறாரோ இல்லையோ, நீங்க பாதாம்ல அதைக் கொண்டுவர்ற ஆசையை விடுங்க. வர்க்கி எதுல நிக்குதுன்னு நினைக்கறீங்க? மைதாவுல இருக்கற பசையில. வாழைப்பழம், ரவை, மைதா போட்டு புளிக்க வெச்ச மவ்வாவைச் சேர்த்துப் பிசைஞ்சு, மாவை இழுத்து, கொழுப்பு தடவி மடிச்சு, மறுபடி இழுத்து மடிச்சு, அப்புறம் விறகுச் சூட்டுல மெதுவா காய விடறோம். அந்த அடுக்கு கிழியாம நிக்கணும்னா அந்தப் பசை, அதாவது குளூட்டன், வேணும். பாதாம்ல குளூட்டன் ஒரு துளி கிடையாது. நீங்க எவ்வளவு பிசைஞ்சாலும் அது இழுபடாது, எண்ணெய்தான் கக்கும். அதனால பாதாம்ல வர்க்கி வராது. ஆனா மெல்லிசா, கடிச்சா சத்தம் வர்ற, டீயில ஒரு நொடி முக்கினா தாங்கற பிஸ்கெட் வரும். அதுக்கு வழி இருக்கு.

அந்த சுகர்ஃப்ரீ பிஸ்கெட் விவகாரம். பிஸ்கெட்ல சர்க்கரை கால் பங்குன்னா மாவு பாதிக்கு மேல. 100 கிராம் மைதாவுல கார்போஹைட்ரேட் மட்டுமே சுமார் 75 கிராம். அது வயித்துக்குப் போனா குளுக்கோஸ்தான். சர்க்கரையை எடுத்துட்டு மைதாவை அப்படியே விட்டா மீட்டர் எப்படி இறங்கும்? அதுவும் போதாதுன்னு இனிப்புக்கு மால்டிட்டால் போடுவாங்க. அது சர்க்கரை அளவுக்கு ஏத்தாது, ஆனா ஏத்தும். கெட்டியா இருக்கணும்னு மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்க்கறதும் உண்டு, அது குளுக்கோஸுக்கு அண்ணன் தம்பி. அடுத்த தடவை பாக்கெட்டுல முன்பக்க எழுத்தைப் படிக்காதீங்க, பின்பக்கம் பொடி எழுத்துல என்ன இருக்குன்னு பாருங்க.

பாதாம் மாவுல 100 கிராமுக்கு கார்போஹைட்ரேட் 20 கிராம் வாக்குல இருக்கும். அதுல பாதி நார்ச்சத்து. ரத்தத்துல ஏறறதுக்கு மிச்சம் இருக்கறது 10 கிராம் சொச்சம்தான். மைதாவோட பக்கத்துல வெச்சுப் பார்த்தா வித்தியாசம் தெரியும். ஆனா கடையில வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. பாதாம் பால் கலக்கற மஞ்சள் பவுடரையும் பாதாம் பவுடர்னுதான் எடுத்துக் குடுப்பாங்க. அதுல முக்கால்வாசி சர்க்கரை. நமக்கு வேண்டியது வெறும் பாதாமை அரைச்ச மாவு, வேற எதுவும் சேர்க்காதது.

கருப்பட்டி, தேன், நாட்டுச் சர்க்கரை மூணும் ஒரே ஜாதி. கருப்பட்டியில இரும்பு இருக்கு, தேன்ல மருந்து குணம் இருக்குன்னு எத்தனை சொன்னாலும், மீட்டருக்கு அதெல்லாம் தெரியாது. எங்க வீட்டம்மாவும் உங்க அத்தை கட்சிதான். அவங்களோட சண்டை போட்டு ஜெயிக்க முடியல, ஆனா கருப்பட்டி டப்பாவை மேல் பரண்ல ஏத்திட்டேன்.

இப்ப உங்க பிஸ்கெட்டுக்கு வர்றேன்.

பேக்கிங் பவுடரை எடுத்துருங்க. குறைக்கச் சொல்லல, எடுக்கச் சொல்றேன். நாம இருக்கறது சமவெளி இல்ல. குன்னூர் சுமார் 1850 மீட்டர், ஊட்டி 2240. மேல ஏற ஏறக் காத்தழுத்தம் குறையுது, ஊட்டியில தண்ணியே 92, 93 டிகிரியில கொதிச்சுரும். அழுத்தம் குறைஞ்ச இடத்துல பேக்கிங் பவுடர் விடற வாயு இன்னும் அதிகமா விரியும். மைதாவா இருந்தா அந்த வாயுவைப் பிடிச்சு வெக்கப் பசை இருக்கு. பாதாம்ல பிடிக்க ஆளில்ல. பொங்கும், அப்புறம் அமுங்கும், உள்ளே ஓட்டை ஓட்டையா நிக்கும். அதான் ஆறினப்புறமும் மெத்துனு இருக்கு. யூடியூப்ல சென்னைக்காரங்க சொல்ற அளவை இங்க அப்படியே போட்டா இப்படித்தான் ஆகும்.

முட்டையில மஞ்சள் கருவை விட்டுட்டு வெள்ளை மட்டும் போடுங்க. மஞ்சள் கரு மெத்துனு ஆக்கும். வெள்ளை காஞ்சதும் இறுகும், நமக்கு அதுதான் வேணும்.

என் அளவு இது: பாதாம் மாவு 200 கிராம், வெண்ணெய் 60 கிராம், எரித்ரிட்டால் 40 கிராம், ஒரு முட்டை வெள்ளை, உப்பு ரெண்டு சிட்டிகை, ஏலக்காய் ஆறு, சுக்குப் பொடி அரை டீஸ்பூன். 24 பிஸ்கெட் வரும்.

எரித்ரிட்டாலை மிக்ஸியில நல்லா பொடிச்சுருங்க. முழுசா போட்டா கரையாம பல்லுல நெறநெறங்கும், அந்த ஜில்லும் கூடும். அது வாயில கரையும்போது சூட்டை உறிஞ்சுது, அதான் மின்ட் மாதிரி இருக்கு. மொத்தமா தவிர்க்க முடியாது, ஆனா அளவைக் குறைச்சா அடங்கும். சர்க்கரை இனிப்புல எரித்ரிட்டால் 70 சதவீதம்தான்னு சிலபேர் கூடக் கூடப் போடுவாங்க. அப்படிப் பண்ணாதீங்க. 40 கிராமோட நிறுத்திட்டு, போதலைன்னா ஸ்டீவியா (இனிப்புத் துளசிப் பொடி) ஒரு சிட்டிகை. அதுக்கு மேல போனா ஸ்டீவியா கசக்கும். சுக்கு எதுக்குன்னா அதோட காரம் அந்த ஜில்லை மறைக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரல, பெருமைக்குச் சொல்லிக்கறேன்.

வெண்ணெயை உருக்காதீங்க. நம்ம ஊர்ல டிசம்பர், ஜனவரியில வெண்ணெய் வெளியில வெச்சாலும் கல்லுதான். "ரூம் டெம்பரேச்சர் வெண்ணெய்"னு புத்தகத்துல போட்டிருக்கறது நம்ம ரூமுக்கு இல்ல. பாத்திரத்தை வெந்நீர் மேல ஒரு நிமிஷம் வெச்சு எடுங்க, விரல் அமுங்கினா போதும். அதுல பொடிச்ச எரித்ரிட்டாலைப் போட்டுக் குழைச்சு, முட்டை வெள்ளை, அப்புறம் மாவு. பிசையாதீங்க, சேர்த்துப் பிடிங்க. அரை மணி நேரம் மூடி வைங்க. அப்புறம் ரெண்டு பட்டர் பேப்பருக்கு நடுவுல வெச்சு சப்பாத்திக் கட்டையால தேய்ங்க. கனம் அரை சென்டிமீட்டருக்கு மேல போகக்கூடாது. மெத்துனு வர்றதுக்குப் பாதிக் காரணம் கனம்.

சூடு 160 டிகிரி. 180 வெச்சா பாதாம் மேல சீக்கிரம் கருகிரும், உள்ள ஈரம் அப்படியே இருக்கும். 14ல இருந்து 18 நிமிஷம், ஓரம் தேன் நிறத்துக்கு வரணும். எரித்ரிட்டால் சர்க்கரை மாதிரி சிவக்காது, அதனால நடு வெள்ளையா இருக்கேன்னு இன்னும் வெக்காதீங்க. ஓரத்தை மட்டும் பாருங்க. அப்புறம்தான் முக்கியமான வேலை. ஓடிஜியை அணைச்சுட்டு கதவை ஒரு விரல் அளவு திறந்து, மரக்கரண்டியைச் செருகி, இருபது நிமிஷம் உள்ளேயே விட்டுருங்க. வர்க்கியும் இப்படித்தான், பொரிஞ்ச அப்புறம் காயணும். வெளியில எடுத்ததும் கை வெக்காதீங்க. சூட்டுல பாதாம் பிஸ்கெட் கண்டிப்பா உதிரும், அது குத்தமில்ல. முழுக்க ஆறினதும் எரித்ரிட்டால் மறுபடி இறுகிக்கும், அப்பதான் சத்தம் வரும்.

மருந்துக்கடை அக்கா:

ஓவன்காரர் அண்ணா சொன்னது எல்லாம் சரி. ஆனால் செய்முறைக்கு முன்னாடி ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை.

உங்கள் மாமா சாப்பிடுகிற கிளிமிபிரைடு, சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. இத்தனை நாளாக அவருடைய சாயங்காலத்தில் ஒரு தட்டு வர்க்கி இருந்தது. அதை ஒரே நாளில் எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார்போஹைட்ரேட் இல்லாத ஒன்றை வைத்தால், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் சுகர் தாழ்ந்து போக வாய்ப்பு இருக்கிறது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் வந்தால் உடனே மீட்டரில் பாருங்கள். நம் ஊர்க் குளிரில் ஒருவருக்கு வியர்க்கிறது என்றாலே கவனிக்க வேண்டியதுதான். 70க்குக் கீழே இருந்தால் அந்த நேரத்தில் பாதாம் பிஸ்கெட்டைக் கொடுக்காதீர்கள். அதில் ஏற்றுவதற்கு எதுவும் இல்லை, கொழுப்பு வேறு தாமதப்படுத்தும். 15 கிராம் குளுக்கோஸ் பவுடர், அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மேட்டுப்பாளையம் இறங்கும்போது பையில் பிஸ்கெட் டப்பா இருக்கிறது என்ற தைரியத்தில் குளுக்கோஸ் பாக்கெட்டை விட்டுவிட்டுப் போகக்கூடாது. மண்சரிவு, டிராஃபிக் என்று வண்டி எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

சாயங்காலத் தீனியை மாற்றுகிறோம் என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மாத்திரை அளவை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். இதே பதிவை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் ஒன்று: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி, சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரை எடுப்பவர்கள், பிஸ்கெட்டோடு நிறுத்தாமல் சோறு, இட்லி எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிட்டுப் பேலியோ, கீட்டோ என்று இறங்காதீர்கள். சுகர் சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறுகிற ஆபத்து அதில் உண்டு. கிட்னியில் கல் வந்தவர்களுக்குப் பாதாம் தினமும் ஆகாது, கல் உண்டாக்கும் ஆக்சலேட் உப்பு அதில் அதிகம். கிட்னி பலவீனமாகி ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

எரித்ரிட்டால் பற்றிக் கடையில் என்னிடம் கேட்கிறவர்கள் அதிகம். 2023ல் நேச்சர் மெடிசின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. ரத்தத்தில் எரித்ரிட்டால் கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்ததாக அதில் இருந்தது. நம் உடம்பே கொஞ்சம் எரித்ரிட்டாலைத் தயாரிக்கும், அதனால் சாப்பிட்டதுதான் காரணம் என்று அந்த ஒரு ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர் வீட்டில் இருந்தால் நான் தாராளமாகப் போடச் சொல்ல மாட்டேன். அண்ணா சொன்ன 40 கிராம் 24 பிஸ்கெட்டுக்குப் பிரிந்துபோகிறது, அது எனக்கு உறுத்தவில்லை. உலக சுகாதார நிறுவனமும் அதே 2023ல் எடை குறைக்க ஸ்டீவியா மாதிரி சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளை நம்பாதீர்கள் என்று சொன்னது. அந்த அறிவுரையிலிருந்து ஏற்கெனவே சுகர் உள்ளவர்களை அவர்களே விலக்கியிருக்கிறார்கள், எரித்ரிட்டால் வகையும் அதில் சேரவில்லை. வாட்ஸாப்பில் இந்த இரண்டு செய்தியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

எத்தனை சாப்பிடலாம்? அண்ணாவின் அளவுப்படி ஒரு பிஸ்கெட்டில் ஏறுகிற கார்போஹைட்ரேட் ஒரு கிராம்கூட இல்லை. ஆனால் கலோரி 65, 70 வரும். பாதாமில் பாதி எடை கொழுப்பு. நல்ல கொழுப்பு என்றாலும் ஐந்து பிஸ்கெட் சாப்பிட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டில் பெரும்பகுதி முடிந்தது. மூன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

மீட்டரில் பார்க்கும்போது சூடான தண்ணீரில் கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். குளிரில் ரத்தம் வராமல் பிதுக்கினால் கணக்குத் தப்பும். விரலில் இனிப்பு ஒட்டியிருந்தாலும் தப்பும். பல மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. உறைபனி விழுகிற காலையில் அலமாரியில் கிடந்த மீட்டரை எடுத்தவுடன் பார்க்காமல் கொஞ்சம் அறைச் சூட்டுக்கு வரவிட்டுப் பாருங்கள். ஸ்ட்ரிப் டப்பாவை மூடுபனி உள்ளே வரும்படி திறந்து வைக்கவே கூடாது, ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் வீண். சாப்பிட்டு ஒரு மணி, இரண்டு மணியில் 180க்குள் இருந்தால் போதும் என்பது பெரும்பாலும் சொல்லப்படுகிற இலக்கு. உங்கள் மாமா வயதுக்கு டாக்டர் வேறு எண் சொல்லியிருந்தால் அதைப் பாருங்கள்.

வேர்க்கடலை கட்சி:

பாதாம் விக்கிற விலைக்கு தினமும் டீக்கு பிஸ்கெட்டா? கூடலூர்ல நாங்க வேர்க்கடலையில போடறோம். வறுத்துத் தோல் நீக்கி, மிக்ஸியில விட்டு விட்டு அடிச்சா மாவு மாதிரி வரும். 100 கிராம்ல கார்போஹைட்ரேட் 16 கிராம் சொச்சம், அதுலயும் பாதி நார்ச்சத்து. பாதாமுக்குக் குறைஞ்சது ஒண்ணுமில்ல, காசும் ரொம்பக் கம்மி. பொட்டுக்கடலை மாவு மட்டும் போட்டுராதீங்க, அதுல மாவுச்சத்து அதிகம். ராகியும் அப்படித்தான். சுகருக்கு நல்லதுன்னு ராகி பிஸ்கெட் விக்கறாங்க, ராகியில மாவுச்சத்து கிட்டத்தட்ட அரிசி அளவுக்கு இருக்கு. நார்ச்சத்து அதிகங்கறதால கொஞ்சம் மெதுவா ஏறும், அவ்வளவுதான்.

சூரியகாந்தி விதையும் அரைச்சுப் பார்க்கலாம், விலை குறைவு.

பழைய ஓவன்காரர்:

வேர்க்கடலை கணக்கு சரிதான் தம்பி, நான் ஒத்துக்கறேன். ஆனா வேர்க்கடலை பிஸ்கெட்ல ஏலக்காய் போடுங்க, சுக்கு போடுங்க, கடைசியில கடலை மிட்டாய் வாசனைதான் வரும். தினம் அதே வாசனைன்னா மனுஷனுக்கு அலுத்துப் போய் மறுபடி வர்க்கிக்கே போவான். பாதிக்குப் பாதி கலந்தா நல்லா வரும். நான் அப்படிப் போட்டுக் குடுத்திருக்கேன், கேட்டவங்க யாரும் வேர்க்கடலைன்னு கண்டுபிடிக்கல. வேர்க்கடலை எண்ணெய் சீக்கிரம் கக்கும், அதனால வெண்ணெயை 50 கிராமுக்குக் குறைச்சுக்கணும்.

சூரியகாந்தி விதையில ஒரு வேடிக்கை. அதுல சோடா உப்போ பேக்கிங் பவுடரோ சேர்ந்தா பிஸ்கெட் ஆறினப்புறம் உள்ளே பச்சை நிறமாயிரும். பூஞ்சை இல்ல, விதையில இருக்கற ஒரு அமிலத்துக்கும் சோடாவுக்கும் நடக்கற வேலை. சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. ஆனா பச்சை பிஸ்கெட்டை ஒரு பெரியவர்கிட்ட நீட்டி சாப்பிடுங்கன்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல.

மருந்துக்கடை அம்மணி சொன்ன குளுக்கோஸ் விஷயத்தை நான் சொல்லியிருக்கணும், எனக்கு மாத்திரை வேறங்கறதால தோணவே இல்ல. பெட்டட்டி அம்மணி, அதை முதல்ல பாருங்க, பிஸ்கெட் அப்புறம்.

பெட்டட்டி மருமகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. குளுக்கோஸ் பாக்கெட் வாங்கி மாமா ஸ்வெட்டர் பாக்கெட்ல ஒண்ணு, ஸ்கூட்டர் டிக்கியில ஒண்ணு வெச்சாச்சு. டாக்டர்கிட்ட ஃபோன்ல சொன்னோம், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு வாரம் பார்த்து எழுதிக் கொண்டுவரச் சொல்லிட்டார்.

ஓவன்காரர் அண்ணா அளவுலயே இன்னிக்குப் போட்டேன். பேக்கிங் பவுடர் இல்ல, வெள்ளைக்கரு மட்டும். கதவுல கரண்டி செருகினப்ப அத்தை "கரண்ட் பில்லு ஏறும்"னு திட்டினாங்க, அணைச்சுட்டேன்னு சொன்னப்புறம்தான் விட்டாங்க. சத்தம் வருது அண்ணா! மாமா டீயில முக்கினார், உடையல. "வர்க்கி இல்ல, ஆனா மோசமில்ல"ன்னார். அவர் வாயில இருந்து அது பெரிய சர்டிஃபிகேட்.

இன்னும் சில சந்தேகம். ஒண்ணு, வெள்ளிக்கிழமை அத்தை முட்டை சேர்க்க மாட்டாங்க, அதுக்கு என்ன பண்றது? அப்புறம், இப்ப வடகிழக்குப் பருவமழை வரப்போகுது, குன்னூர்ல மாசக்கணக்கா ஈரம்தான், எதுல எடுத்து வெக்கறது? வீட்டுலயே பாதாம் அரைச்சா விலை கட்டுப்படியாகுமா? வீட்டுல இருக்கறது உப்பு வெண்ணெய், அதைப் போடலாமா?

பழைய ஓவன்காரர்:

மோசமில்லைன்னு சொன்னாரா? போதும் அம்மணி, மலைக்காரங்க வாயில அதுக்கு மேல வராது.

உப்பு வெண்ணெய் தாராளமா போடுங்க, ரெண்டு சிட்டிகை உப்பை நிறுத்திருங்க. பிரஷர் இருக்கறவருன்னா உப்பில்லாத வெண்ணெய் நல்லது. நெய் போடலாமான்னு அடுத்து கேப்பீங்க. நெய்யில தண்ணி கிடையாது, அதனால 60க்குப் பதிலா 50 கிராம் போதும். மணல் மாதிரி உதிரும் நெய் பிஸ்கெட், நாக்குக்கு நல்லாயிருக்கும், டீயில முக்க ஆகாது.

வீட்டுல அரைக்கறது. வெந்நீர்ல ஒரு நிமிஷம் போட்டு எடுத்தா தோல் வழுக்கிட்டு வந்துரும். சமவெளியில அதை வெயில்ல காயப்போட்டா முடிஞ்சுது. இங்க மழைக்காலத்துல காயப்போட்டா அது முளைக்காத குறைதான். ஓடிஜியை இருக்கறதுலயே குறைஞ்ச சூட்டுல வெச்சு, கதவைக் கொஞ்சம் திறந்து, உடைச்சா டக்குனு உடையற வரைக்கும் காய வைங்க. முழுக்க ஆறினப்புறம் மிக்ஸியில ரெண்டு செகண்ட் ரெண்டு செகண்டா விட்டு விட்டு அடிங்க. தொடர்ந்து ஓட்டினா பாதாம் வெண்ணெய் ஆயிரும். இந்த விஷயத்துல மட்டும் நம்ம குளிர் நமக்கு உதவி, எண்ணெய் சீக்கிரம் கக்காது. சலிச்சு, மேல நிக்கற குருணையை மறுபடி அடிங்க. தோலை எடுக்காமலே அரைச்சாலும் பிஸ்கெட்டுக்கு ஓடும், நிறம்தான் மங்கல். கடையில வாங்கற மாவு விலையில ஒரு நல்ல பங்கு மிச்சமாகும். கோயமுத்தூர் போறப்ப மொத்தக்கடையில முழுப் பாதாமா வாங்கி வந்து ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கறது என் வழக்கம். மாவா அரைச்சு வெச்சா எண்ணெய் சிக்கு வாடை வரும், அப்பப்ப வேணுங்கற அளவுக்கு அரைங்க.

எடுத்து வெக்கறதுக்கு, நீலகிரியில தடைங்கறதால பிளாஸ்டிக் கவர் எப்படியும் கிடைக்காது, கிடைச்சாலும் வேண்டாம். மூடி இறுக்கமா இருக்கற எவர்சில்வர் டப்பா, இல்ல கண்ணாடி ஜாடி. உள்ள ஒரு துணி முடிச்சுல வறுத்து ஆறின அரிசி ஒரு பிடி. முழுக்க ஆறாம மூடினா உள்ளேயே வேர்த்து நமத்துரும். நமத்துப் போச்சுன்னாலும் தூக்கிப் போடாதீங்க, 120 டிகிரியில அஞ்சாறு நிமிஷம் காட்டி, ஆற விட்டா மறுபடி மொறுமொறுங்கும். நவம்பர்ல மழை நாலு நாளா விடாம அடிக்கறப்ப நான் டீ போடறதுக்கு முன்னாடி அன்னன்னிக்கு வேண்டியதை மட்டும் இப்படிக் காட்டி எடுப்பேன்.

வெள்ளிக்கிழமைக்கு: ஆளி விதைப் பொடி ஒரு டேபிள்ஸ்பூன், தண்ணி ரெண்டரை டேபிள்ஸ்பூன், பத்து நிமிஷம் ஊறினா கொழகொழன்னு வரும். முட்டை வெள்ளைக்குப் பதில் அதைப் போடுங்க. இசப்கோலும் ஆகும், ஒரு டீஸ்பூனுக்கு மேல போனா பல்லுல ஜவ்வா இழுக்கும். ரெண்டுலயும் தண்ணி அதிகம்கறதால ஓடிஜியில மூணு நாலு நிமிஷம் கூட வைங்க, கதவு திறந்து காய வெக்கறதையும் அரை மணி ஆக்குங்க.

இன்னொண்ணு, ரெண்டு தட்டையும் ஒரே நேரத்துல உள்ள தள்ளாதீங்க. நம்ம பக்கம் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும், ஓடிஜியில சூடு மந்தமாகி ரெண்டு தட்டும் ஒரே மாதிரி வேகாது. மத்தியானமே போட்டு முடிச்சுருங்க.